என் மைக்கை அவளிடம் கொடுத்தவனுக்கு

கண்ணு,

மாசியில் உனக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்து வந்துவிட்டது. உன் அம்மா ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறாள். இந்த மாதிரி நேரத்தில் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து அப்பன்மார்கள் நாலு நல்ல வார்த்தை சொல்வது வழக்கம். எனக்கும் ஆசைதான். ஆனால் நேருக்கு நேர் நான் புத்தி சொல்ல ஆரம்பித்தால் முதலில் நீ சிரிப்பாய், அடுத்து நான் சிரித்துவிடுவேன். மைக் என் கையில் இருந்திருந்தால் அதிலேயே சொல்லியிருப்பேன். அது இப்போது யார் கையில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நம் கணபதி ஊர் முழுக்கத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசீர்வாதம் செய்கிறவன் எழுதுவது போலத் தொடங்கினாலும் இதற்குள் இருப்பது பொறாமை. டாக்டர் கொடுத்த மாத்திரையில் நெஞ்சுச்சளி போய்விட்டது. வயிற்றெரிச்சல் போகவில்லை.

எனக்கு இது புதுசு இல்லை. நீ பிறந்ததிலிருந்து உன் விஷயத்தில் யார் மேலாவது பொறாமைப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். உன் அம்மா அடுப்படியில் இருக்கிற நேரமெல்லாம் தொட்டிலுக்குள் குனிந்து, அப்பா, அப்பா என்று திருட்டுத்தனமாகப் பாடம் நடத்தியவன் நான். நீ என் மூக்கைப் பிடித்து முறுக்கிவிட்டு அம்மா என்றாய். பள்ளிக்கூடம் போன பிறகு எதற்கெடுத்தாலும் மிஸ் சொன்னாங்க. பல் விளக்குவது மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்பதில்கூட மிஸ் சொன்னதுதான் சட்டம். பொறுக்க முடியாமல் ஒரு நாள் உன் டிபன் டப்பாவின் மேல்தட்டில் சோற்றுக்குப் பதிலாக, ‘உங்க மிஸ்ஸைக் கேட்டுச் சாப்பிடு’ என்று ஒரு சீட்டு வைத்து அனுப்பினேன். சோறு கீழ்த்தட்டில் இருந்தது. நீ அதைத் திறந்தே பார்க்கவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு நேராக மிஸ்ஸிடம் போனாய், அவர் தன் இட்லியை உனக்குக் கொடுத்தார், அன்றிலிருந்து அவர் இன்னும் உயரத்துக்குப் போய்விட்டார். என் குறும்புகளின் கதை எப்போதும் இதுதான். நான் வைக்கிற வெடி என் காலடியிலேயே வெடிக்கும்.

மைக்குக்கு வருகிறேன். பட்டறையில் லேத் ஓடுகிற சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்காது. வீட்டுக்கு வந்தால் டிவி. பொங்கலுக்கு நம் தெரு மைதானத்தில் கபடிப் போட்டி நடக்கிற அன்று மட்டும்தான் நான் வாயைத் திறந்தால் சுற்றியுள்ள தெருவெல்லாம் கேட்கும். நீ டவுசர் போட்டுத் திரிந்த காலத்திலிருந்து அந்த மைக் என்னுடையது. தாராபுரத்துப் பையன் ரெய்டு போனால், “அமராவதி ஆத்துல தண்ணி வருதோ இல்லியோ, இந்தத் தம்பி வந்துபோட்டாருங்க” என்பேன். சென்னிமலைக்காரரை எதிரணி மொத்தமும் விழுந்து அமுக்கினால், “போர்வை நெய்யற ஊருக்காரருக்கே போர்வை போத்தி உட்டாங்க பாருங்க” என்பேன். தோற்ற அணிகூடச் சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறும். கோப்பை வாங்கியவன் யார் என்பது அடுத்த வருஷம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நான் சொன்னதை டீக்கடையில் சொல்லிக்காட்டுவார்கள். ஒரு லேத்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்.

போன வருஷம் கோப்பை ஒரு ஊருக்குப் போனது, இருமல் எல்லா ஊருக்கும் போனது. யாரிடமிருந்து ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. பனிக்குப் பயந்து சாமியானாவின் எல்லாப் பக்கமும் துணி கட்டி மூடி, உள்ளே தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே சொம்பு. நாம் அண்ணாந்து குடிக்கிற ஆட்கள்தான், ஆனால் மூச்சிரைக்க ஓடி வருகிறவனுக்கு அண்ணாந்து குடிக்க எங்கே வரும். வாய் வைத்துத்தான் குடித்தார்கள். சிறப்பு விருந்தினர் வரிசையாக நின்றவர்கள் கையையெல்லாம் ஒன்று விடாமல் குலுக்கினார். நன்கொடை கொடுத்தவர்கள் ஆளுக்கொரு முறை என் மைக்கை வாங்கி, முத்தம் கொடுக்கிற தூரத்தில் வைத்து நன்றி சொன்னார்கள். பொங்கல் கழிந்ததும் தெருவே இருமியது. உன் அம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சுத் திணறுகிறவர்களுக்கு ஆக்சிஜன் கருவி மாட்டுவதுதான் உன் உத்தியோகம். அன்றைக்கு நீ மாட்டியது உன் அம்மாவுக்கு. மாட்டிவிட்டு அந்தக் கருவியின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் சிரிக்க வைக்கலாம் என்று ஏதோ சொன்னேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் அம்மா மட்டும் படுத்த வாக்கில் கையை அசைத்தாள், சும்மா இருங்க என்று.

அதனால்தான் இந்த வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் நீ எழுந்து நின்றபோது நான் வாயைத் திறக்கவில்லை. சாமியானாவுக்கு மேல்துணி மட்டும் போதும், பக்கத்துணி வேண்டாம், காற்று ஓடட்டும் என்றாய். அவரவர் பாட்டிலில் அவரவர் பேர். கை குலுக்கல் கிடையாது, கும்பிட்டால் போதும். விருந்தினருக்குத் தனி மைக், ஒருவர் பேசி முடித்ததும் அதன் பஞ்சு உறையை மாற்ற வேண்டும். காய்ச்சல், இருமல், தொண்டைவலி இருந்தால் மைதானத்துக்கே வரக்கூடாது. இங்கேதான் கூட்டத்தில் ஒருவர் குறுக்கிட்டார்.

“வராம எப்படிங் இருப்பாங்க? வருசமெல்லாம் பிராக்டிஸ் பண்ணிப்போட்டு, தொண்டை கரகரங்குதுன்னு ஊட்டுல ஒக்காந்துக்குவானுங்களா? மறைச்சுப்போட்டுத்தான் வருவான்.”

நீ கோபப்படவில்லை. “அதுக்குத்தானுங்க மாத்தாள். ஆட்டத்தன்னைக்குக் காலையில வந்துகூடப் பேரை மாத்திக்கலாம். ஊட்டுல இருக்கறவனுக்கும் பனியன் உண்டு, பரிசுல பங்கு உண்டு. வராததுனால எதுவும் போகாதுன்னா, அவன் எதுக்குங்க மறைக்கறான்?”

அத்தனை தலையும் ஆடியது. சாப்பாட்டு நேரத்தில் ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று நான் வருஷக்கணக்கில் கெஞ்சியும் அசையாத தலைகள். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, கொஞ்சம். மிச்சமெல்லாம் உனக்கே தெரியும்.

பொங்கலன்று சாயங்காலம், போட்டிக்கு முதல் நாள், என் தொண்டையில் ஏதோ உட்கார்ந்துகொண்டது. அது என்ன என்று எனக்குத் தெரியும். சித்தரத்தைத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, யாரோடும் பேசாமல் திரிந்தேன். நான் பேசாமல் இருப்பதே நம் வீட்டில் பெரிய நோய்க்குறி என்பது எனக்குத் தோன்றவில்லை.

“ஏனுங்க, கொரலு ஒரு மாதிரி இருக்குதே” என்றாள் உன் அம்மா.

“நாளைக்குப் பேசோணும்ல, தீட்டி வெக்கறேன்.”

“தீட்டின மாதிரி தெரியலீங்க. அரத்துல ராவுன மாதிரி இருக்குது.”

நல்ல நாளும் அதுவுமாக ஆளைச் சந்தேகப்படாதே என்று சொல்லிவிட்டு வெளி அறையில் போய்ப் படுத்துக்கொண்டேன். அவளுக்குத் தொற்றிவிடக் கூடாது என்கிற அளவுக்குப் புத்தி இருந்தது. ஊருக்குத் தொற்றுமே என்கிற இடத்தில் புத்தியை மைக் மறைத்துவிட்டது. எல்லா அணிக்கும் நீ மாற்று ஆள் வைத்தாய். மைக்குக்கு வைக்கவில்லை. வராவிட்டால் எல்லாம் போய்விடும் என்கிறவன் மறைக்கத்தான் செய்வான். உன் கணக்கு சரி. உன் அப்பனை வைத்தே அது சரிபார்க்கப்பட்டது.

காலையில் மைதான வாசலில் நீ காய்ச்சல் பார்க்கிற கருவியோடு நின்றாய். பக்கத்தில் மேசை போட்டு பாட்டில்களில் பேர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள் மேகலா. பொங்கல் விடுமுறையில் தன் ஊர் சென்னிமலைக்குப் போகாமல், கட்டிக்கப்போகிறவன் வைத்த போட்டிக்கு வேலை செய்ய வந்துவிட்ட கணக்கு டீச்சர். தாராபுரம் அணியின் கேப்டனுக்கு உடம்பு சுட்டது. “ஒரே ஒரு ஆட்டமுங்கண்ணா” என்று அந்தப் பையன் உன் கையைப் பிடிக்க வந்தான். நீ கையைக் கும்பிட்ட மாதிரி வைத்துக்கொண்டு, “ஆடற மூச்சு அடுத்த வருசமும் உனக்கு வேணும் தம்பி. மாத்தாள் பேரைக் குடுத்துப்போட்டுப் போய்ப் படு” என்றாய். அவன் புதுப் பனியனை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தனியாக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான். அவன் அணிக்காரர்கள் முகம் தொங்கிப்போனது. ஆனால் ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை.

இதையெல்லாம் மேடையிலிருந்து பார்த்தேன், கண்ணு. பார்த்துவிட்டுத்தான் மைக்கை ஆன் செய்தேன். உன் சட்டங்களை நான்தானே ஊருக்குச் சொல்ல வேண்டும். “இருமல் இருக்கறவங்க தயவுசெஞ்சு ஊட்டுக்குப் போயிருங்க. இன்னிக்கு மைதானத்துல மூச்சைப் புடிக்கறவங்களுக்குத்தான் எடம், மூச்சு முட்டறவங்களுக்கு இல்லீங்க” என்று ஆரம்பித்தேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கும் உற்சாகம் வந்து, வாயில் இருந்த சித்தரத்தை உள்ளே போய்விட்டது. அடக்கி வைத்திருந்த இருமல் கிளம்பியது. நான் முகத்தைத் திருப்பினேன், அது சரி. மைக்கை நிறுத்தியிருக்க வேண்டும். பதறிப்போய் அதை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு இருமினேன். டாக்டர் குழலை வைத்துக் கேட்பாரே, அந்தச் சத்தத்தைக் குழாய் ஸ்பீக்கர் அத்தனையும் ஊருக்குக் கேட்க வைத்தன. என் நுரையீரலின் கடைசி மூலை வரைக்கும் கணபதிக்குத் தெரிந்துவிட்டது.

நான் நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. தாராபுரத்துப் பையன்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் என்னைப் பார்க்கவும் இல்லை. உன்னைப் பார்த்தார்கள். நீ நடந்து வந்தாய்.

“அப்பா, மைக்கக் குடுங்க.”

“தண்ணி பொரையேறிப்போச்சு கண்ணு.”

“தண்ணியே குடிக்கலீங்களே.”

“குடிக்காததுனாலதான் தொண்டை காஞ்சு…” என்று இழுத்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே முகம். மைக்கை நீட்டினேன். நீ குரலைத் தாழ்த்திக்கொண்டாய். “எல்லா டீமுக்கும் மாத்தாள் வெச்சேன். உங்களுக்கு மட்டும் வெக்கலீங்கப்பா. உங்களுக்கு மாத்தாள் கெடைக்காதுன்னு நெனச்சுப்போட்டேன். என்ற தப்புத்தான்.”

அந்த வார்த்தையோடு நீ நிறுத்தியிருந்தால் நான் ராஜாவாக வீட்டுக்கு நடந்திருப்பேன். மாற்று ஆள் இல்லாத மனிதன் போகிறான் என்று ஊர் பார்த்திருக்கும். ஆனால் நான் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படி இறங்குவதற்குள், நீ மைக்கின் பழைய பஞ்சைக் கழற்றிப் போட்டாய், கம்பிவலையை ஸ்பிரிட்டால் துடைத்தாய், புதுப் பஞ்சை மாட்டினாய், மேகலாவிடம் நீட்டினாய். யோசிக்கக்கூட இல்லை. என் வாழ்நாளில் இத்தனை சுத்தமாக யாரும் என்னைத் துடைத்து எடுத்ததில்லை.

மைதானத்தை ஒட்டி வீடு கட்டியது எவ்வளவு பெரிய பிழை என்று அன்றைக்குத் தெரிந்தது. மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உன் அம்மா சுக்குக் காப்பியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, “எடுத்துக்கோங்க, நான் கீழ போயிட்டேன்” என்று கீழிருந்தே குரல் கொடுத்தாள். ஸ்பீக்கரில் மேகலா ஆரம்பிக்கும்போதே, அவளுக்குச் சொல் தடுமாற வேண்டும், கூட்டம் கொட்டாவி விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. வேண்டிக்கொண்டேன்.

“வணக்கமுங்க. எனக்குக் கபடி தெரியாதுங்க. நான் கணக்கு டீச்சருங்க. தப்பாச் சொன்னா நீங்களே திருத்தி மார்க் போட்டுக்கங்க” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கூட்டம் ஆட்டத்தைப் பார்த்ததைவிட அவள் தப்பைத் திருத்தியதுதான் அதிகம். அவள் ரெய்டு போனவனை அவுட் என்பாள், மைதானமே இல்லீங் டீச்சர் என்று கத்தும். ஒரு கட்டத்தில் சென்னிமலைக்காரரை மொத்தமாக அமுக்கினார்கள். என் நாக்கு தானாக எழுந்தது. அதற்குள் ஸ்பீக்கர் பேசியது: “எங்கூரு ஆளு உழுந்துபோட்டாருங்க. மாமா இருந்திருந்தா போர்வைன்னு ஒண்ணு சொல்லுவாரு. அந்தப் போர்வையை வருசா வருசம் தொவைச்சு நூலே பிரிஞ்சுபோச்சுங்க.” அப்போது எழுந்த சிரிப்பு மொட்டை மாடிக்கு வந்து என் நாற்காலியை ஆட்டியது. என் போர்வைக்கு அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிச் சிரிப்பு வந்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்தது. இருமலில் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில் இருக்கும்போதுதான் போன் அடித்தது. அவள்தான். கடைசி ஆட்டம் முடியப்போகிறது, கோப்பை கொடுக்க கிரைண்டர் கம்பெனி சுப்பண்ணன் வந்து மேடையில் உட்கார்ந்திருக்கிறார்.

“மாமா, அவரப்பத்தி நல்லதா ஒரு வரி சொல்லிக்குடுங்க. உங்ககூடத்தானுங்க படிச்சவரு.”

கூடப் படித்தவன்தான். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடும்போது நின்ற இடத்தை விட்டு நகரமாட்டான் என்று அவனுக்கு ஆட்டுக்கல் என்று பேர் வைத்ததே நான்தான். அதற்காக அந்த வயதில் என்னோடு பேசாமல் இருந்தவன். பிறகு அவன் போய் கிரைண்டர் கம்பெனியே ஆரம்பித்ததில் அந்தப் பேர் அவன் மேல் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. அவன் எதிரில் இப்போது யாரும் அதை உச்சரிப்பதில்லை.

“ஆட்டுக்கல்லுன்னு சொல்லு அம்மணி” என்றேன். “ஊரே ஆசையா அப்படித்தான் கூப்புடும். மைக்ல சொன்னா பூரிச்சுப்போவாரு.”

“நெசமாலுங்களா மாமா?”

“நான் பொய் சொல்லுவனா?”

அவள் சொன்னாள். “அன்போடு ஆட்டுக்கல் என்று அழைக்கப்படும்” என்று கணீரென்று, டீச்சர் குரலில், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகச் சொன்னாள். மைதானம் நின்றுபோனது. சுப்பண்ணன் எழுந்தான். கையில் இருந்த கோப்பையோடு மேடைப் படிக்கட்டைப் பார்த்து நடந்தான். மேலே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்போது அவள் அழுவாள், நீ ஓடி வருவாய், அப்பா இருந்திருந்தால் என்று ஒரே ஒருவராவது சொல்வார்கள். எதற்காக வேண்டிக்கொண்டேனோ அது கண்ணெதிரே நடக்கிறது. ஆனால் உள்ளே தித்திக்கவில்லை. இங்கிருந்து பார்த்தால் அவள் சின்னதாகத் தெரிந்தாள்.

அவள் அழவில்லை. “இருங்க, இருங்க” என்றாள் மைக்கில். “இது நானாச் சொன்னதில்லீங்க. அக்கட்டால மொட்டை மாடியில மாஸ்க் போட்டுட்டு ஒருத்தரு ஒக்காந்திருக்காரு பாருங்க, அவருதான் போன்ல சொல்லிக்குடுத்தாரு. மாமனார் ஆகப்போறவரு சொல்றாரேன்னு நம்பிப்போட்டனுங்க.”

மைதானம் மொத்தமும் திரும்பி என்னை அண்ணாந்து பார்த்தது. ஓடி ஒளிய மாடியில் தண்ணித் தொட்டி ஒன்றுதான் இருந்தது. எழுந்து நின்று கும்பிடு போட்டேன். உன் சட்டப்படி கை குலுக்கக் கூடாதல்லவா. சுப்பண்ணன் படிக்கட்டில் நின்று என்னைப் பார்த்தான், திரும்பி வந்து விருந்தினர் மைக்கை எடுத்தான். “அவன் இருமலோட ஊட்டுல இருந்தே இவ்வளவு பண்றானுங்க. கீழ வந்திருந்தா ஊரு என்னத்துக்கு ஆகும்?” என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆட்டுக்கல்லுக்குக்கூட அன்றைக்குச் சிரிப்பு வந்தது, கண்ணு. அவன் கோப்பையைக் கொடுத்தான். நான் கைதட்டினேன். அங்கே கேட்டிருக்காது.

பரிசோதித்துப் பார்த்ததில் எனக்கு ஃப்ளூ. மாடி அறைக்குள் படுத்துக் கிடந்து, நீ ஜன்னல் வழியாக நீட்டிய தட்டில் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். தாராபுரத்துக் கேப்டன் நன்றாகிவிட்டான், அவன் அணியில் வேறு யாரும் படுக்கவில்லை என்று நீதான் சொன்னாய். நம் தெருவில் பொங்கலுக்குப் பிறகு இருமல் சத்தமே இல்லை. உன் அம்மா படி ஏறி வந்து எனக்குக் கஞ்சி வைத்துவிட்டுப் போகும்போது ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. அறைக்குள்ளிருந்து அவள் காலடியை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். என் வாயில் பிறந்ததெல்லாம் நாலு தெருவுக்குப் பரவ வேண்டும் என்று வாழ்ந்தவன் நான். முதல் முறையாக என்னிடமிருந்து எதுவும் பரவவில்லை. அதற்குப் போய் நிம்மதியாக இருந்தது.

நல்ல வார்த்தை சொல்கிறேன் என்றேன் அல்லவா, ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன். அதுவும் உன்னிடம் திருடியதுதான். வராததால் எதுவும் போகாது என்றால் எதற்கு மறைக்கிறான் என்று கேட்டாயே, அதை வீட்டுக்குள்ளும் வை. சொன்னால் எதுவும் போய்விடாது என்று மேகலாவுக்குத் தெரிந்தால் அவள் உன்னிடம் எதையும் மறைக்க மாட்டாள், தொண்டை வலியானாலும் சரி, மன வலியானாலும் சரி. உனக்கும் அவளிடம் அப்படித் தோன்ற வேண்டும். என்னிடம் உனக்கு அப்படித் தோன்றியதா என்று நான் கேட்கப்போவதில்லை. சிரித்து மழுப்புகிற அப்பனிடம் எதையும் சொல்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவளிடம் நீ உட்கார்ந்து பேசுகிறபோது கதவு இடுக்கில் பார்த்திருக்கிறேன். என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அதிலும் எனக்குப் பொறாமைதான்.

மண்டபத்தில் வரவேற்பன்று மைக் எனக்கு என்று நீயே சொல்லிவிட்டாய். சந்தோஷம். அன்றைக்குக் காலையில் எனக்குத் தொண்டை கரகரத்தால் மறைக்க மாட்டேன், முதலில் உன்னிடம்தான் சொல்வேன். வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு என்னை உட்கார வை. உன் கல்யாணத்தை ஸ்பீக்கரில் கேட்டுக்கொள்கிறேன், அதனால் எதுவும் போய்விடாது. மைக்கை யாரிடம் வேண்டுமானாலும் கொடு. சுப்பண்ணனிடம்கூடக் கொடு. அவளிடம் மட்டும் கொடுத்துவிடாதே. மணப்பெண்தானே, மாலையும் கழுத்துமாக இருப்பாளே, எங்கே பேசப்போகிறாள் என்று நினைக்காதே. பேசுவாள். ஊர் சிரிக்கும். வெளியே உட்கார்ந்திருக்கிற நானும் சிரித்துத் தொலைப்பேன்.

இப்படிக்கு,
மாற்று ஆள் கிடைத்துவிட்ட
உன் அப்பா